ரவை விழுந்த படம்

"ஃப்ளாஷ் மட்டும் போட்டுடாதீங்க பாய். நேச்சுரலா இருக்கணும்" என்றார் ஹரீஷ்.

அவர் இதைச் சொன்னபோது இயற்கையே கடையைச் சாத்திக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதத்துச் சாயங்காலம். மழை நின்றுவிட்டது; மரங்கள் மட்டும் தங்கள் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தன. ஏலத்தோட்டத்துக்குள் உச்சிப் பொழுதிலேயே பாதி இருட்டுத்தான். ஏலச்செடி வெயிலுக்கு ஆகாத சீமாட்டி. தலைக்கு மேலே பெரிய மரங்கள் நின்று குடை பிடித்தால்தான் காய்க்கும். அந்தக் குடைக்கு அடியில் மேகமும் இறங்கி வந்து குத்தவைத்திருந்த நேரத்தில், எனக்கு நேச்சுரலாகத் தெரிந்தது என் காலில் ஏறிக்கொண்டிருந்த அட்டை ஒன்றுதான்.

ஹரீஷ் அந்தத் தோட்டத்து முதலாளியின் மகன். பெங்களூரில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டரை முறைத்துப் பார்த்துச் சலித்துப்போய், போடிமெட்டுக்கு அப்பால் இருக்கும் அப்பாவின் தோட்டத்தில் தங்கும் விடுதி கட்டியிருந்தார். விடுதி என்று சொன்னால் முகம் வாடிவிடும். 'அனுபவம்' என்று சொல்ல வேண்டும். பட்டணத்து மக்கள் வந்து பனியையும் அமைதியையும் அனுபவிக்க வேண்டும். அதற்கு வெப்சைட் வேண்டும். வெப்சைட்டுக்குப் படம் வேண்டும். படத்துக்கு, போடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நான் வேண்டும்.

"எதிர்ச் சரிவு முழுக்க வரணும் பாய். பனி அப்படியே எழும்புற மாதிரி. ஒரு மூடு இருக்கணும்."

"மூடு நெறைய இருக்கு தம்பி. வெளிச்சம்தான் இல்ல."

"ஐ.எஸ்.ஓ.வை ஏத்திக்கலாமே?"

யூட்யூப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது. பதில் பேசாமல் ஏற்றினேன். கேமராவில் அந்த எண் எதுவரை போகுமோ அதற்கு ஒரு படி கீழே நிறுத்தினேன். ஸ்டாண்டின் தலைப்பக்கத் திருகாணி முந்தின வாரம் ஒரு கல்யாணத்தில் காணாமல் போயிருந்ததால் ஸ்டாண்டு ஜீப்பில் வெறும் மூன்று கால் பிராணியாகக் கிடந்தது. கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். கை நடுங்கும். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு படபடவென்று ஒரே காட்சியை வரிசையாகச் சுட்டுத்தள்ளுவது. அதில் ஒன்றாவது ஆடாமல் விழுந்துவிடும். தொழில்நுட்பம் பாதி, ஆண்டவன் மீது பாரத்தைப் போடுவது பாதி.

பாறை ஒன்றின் மேல் ஏறி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டேன். எதிரே சரிவு. சரிவில் பனி. பனிக்குள் கரிக்கோடு போல மரங்கள். கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்த ஹரீஷ், "வாவ்" என்றார். சின்னத் திரையில் எல்லாப் படமும் வாவ்தான். பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

படம் போடும் சத்தம்

போன வாரம் இந்தப் பத்தியில், பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்கள் ஏன் தூக்குமேடைக்குப் போகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். சின்னமனூர் வாசகர் ஒருவர் போன் செய்து, "எல்லாம் சரி, அந்த ஐ.எஸ்.ஓ. ஐ.எஸ்.ஓ.ன்னு எழுதுறீங்களே, அது நல்லெண்ணெய் டின்ல போட்டிருக்குமே, அந்த முத்திரையா?" என்று கேட்டார். இல்லை ஐயா. இது வேறு.

தூரத்து ரேடியோ ஸ்டேஷனைப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வரும். சத்தத்தைக் கூட்டுவீர்கள். குரலும் கூடும், கூடவே 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடும். கேமராவில் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவதும் அதுதான். இல்லாத வெளிச்சத்தை அது கொண்டு வராது. இருக்கிற கொஞ்சத்தை ஊதிப் பெரிதாக்கும். கூடவே சிவப்பு, பச்சை, ஊதா என்று படம் முழுக்கப் புள்ளிகளை அள்ளித் தெளிக்கும். படித்தவர்கள் அதற்கு நாய்ஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள். போடியில் அதற்குப் பேர் ரவை.

"பாய், போட்டோல ரவை விழுந்திருக்கே" என்பார்கள், ஏதோ நான் உப்புமா கிண்டிக்கொண்டே படம் எடுத்தது போல.

யூட்யூபில் ஒரு வாத்தியார் இருக்கிறார். "இருட்டைப் பார்த்துப் பயப்படாதீங்க மக்களே!" என்றுதான் ஒவ்வொரு பாடத்தையும் தொடங்குவார். சொல்லிவிட்டு, தெருவுக்குத் தெரு திருவிழா மாதிரி விளக்கெரியும் ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் நின்று படம் எடுத்துக் காட்டுவார். அவரை ஒருநாள் மரக்காமலைக்கு அடியில், தேவாரம் பக்கத்துத் தோப்பில், கரண்டு போன பிறகு நிறுத்திப் பார்க்க ஆசை. பின்னால் யானை வேறு நின்றால் உத்தமம்.

பொட்டிபுரம் பக்கம் மலையைக் குடைந்து, கண்ணுக்கே தெரியாத ஏதோ துகளைப் பிடிக்கப் போகிறோம் என்று விஞ்ஞானிகள் வந்தபோதும் எனக்கு ஒரே யோசனைதான். மலையை எதற்கு ஐயா தொந்தரவு செய்கிறீர்கள்? என் மெமரி கார்டில் துகள் கோடிக்கணக்கில் கிடக்கிறது. கண்ணுக்கும் நன்றாகவே தெரியும். சாக்கு கொண்டுவந்தால் அள்ளிக்கொண்டு போகலாம்.

மச்சத்தைத் தின்ற சாஃப்ட்வேர்

ரவையைப் பொறுக்கி எடுக்க இப்போது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது. செயற்கை அறிவாம். இயற்கை அறிவு குறைவாக உள்ள என்னைப் போன்றவர்களுக்காகவே செய்தது.

அதை வாங்கிய புதிதில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரம் பார்த்து மண்டபத்தில் கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. முகூர்த்தம் காத்திருக்குமா? குத்துவிளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளை தாலி கட்டினார், அதே வெளிச்சத்தில் நானும் சுட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மணமக்கள் இருவரும் ரவா லட்டு போல இருந்தார்கள். சாஃப்ட்வேரிடம் கொடுத்தேன். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் துடைத்துப் பளபளவென்று கொடுத்துவிட்டது. ஆல்பமும் போட்டாயிற்று.

மறுவாரம் பெண்ணின் அம்மா ஆல்பத்தை இடுக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

"பாய், எம் மகளுக்கு இந்தக் கன்னத்துல மச்சம் இருக்கும்ல?"

"இருக்குமே ஆத்தா."

"எங்க?"

எங்கே என்று நானும் தேடினேன். கன்னம் மைதா மாவு உருண்டை போல வழுவழு என்று இருந்தது. ரவை எது, மச்சம் எது என்று சாஃப்ட்வேருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? சின்னதாக, கறுப்பாக இருந்தது, எடுத்துவிட்டது.

"அந்த மச்சம்தான் அவளுக்கு அதிர்ஷ்டம்னு சோசியர் சொன்னாரு. தாலி கட்டுற படத்துல அதக் காணாமப் போக்கிட்டீகளே!"

நல்லவேளையாக நான் எப்போதும் ரா ஃபைலை அழிப்பதில்லை. கேமரா பார்த்ததைப் பார்த்தபடியே, துடைக்காமல் துவைக்காமல் வைத்திருக்கும் கோப்பு அது. முதலில் பேரைக் கேட்டபோது, ராத்திரி எடுக்கிற படத்துக்கு மட்டும்தான் ரா ஃபைல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டவன் நான். அதிலிருந்து மச்சத்தை மீட்டு அந்த அம்மாவின் கையில் கொடுத்த பிறகுதான் அன்றைக்குச் சோறு இறங்கியது.

விட்டுப்போன ஒருத்தி

மலைக்கு வருவோம். படம் எடுத்து முடித்து, ஹரீஷின் விடுதிக்குத் திரும்பினோம். திரும்புகிற வழியில் அவர் தன் குடில்களைச் சுற்றிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் அவர் முதலில் காட்டியது கழிவறையைத்தான். வெந்நீர் தானாக வருமாம். உட்காரும் பலகை சூடாக இருக்குமாம். "கெஸ்ட் முதல்ல பார்க்குறது வாஷ்ரூம்தான் பாய்" என்றார். என் வீட்டு அடுப்படியைவிடச் சுத்தமாக இருந்தது. அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.

தோட்ட ஆபீசில் உட்கார்ந்து, டீ வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். படங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது வெளியே ஜீப்பின் ஹாரன் கேட்டது. விடாமல் அடித்தது.

கீழே சிலமலை கிராமத்திலிருந்து காய் எடுக்க வரும் பெண்களை ஏற்றி வந்து ஏற்றிப் போகிற ஜீப் அது. ஓட்டுபவன் பால்பாண்டி. என்னையும் அன்று அதில்தான் ஏற்றி வந்திருந்தான். அவன் மனைவி பேச்சியம்மாளும் அதே ஜீப்பில்தான் வேலைக்கு வருவாள். காலையில் வரும்போது வழி நெடுக இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்ததை நான் கவனித்திருந்தேன்.

வெளியே வந்து பார்த்தால், காய் எடை போட்டு முடித்த பெண்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாளைக் காணவில்லை. அவள் எடுத்த காய்ப் பை மட்டும் இருந்தது.

"வேற ஜீப்புல ஏறிப் போயிருப்பா, கேட்டோ" என்றார் கங்காணி மூக்கையா. மலையாளத்துப் பக்கம் பாதி ஆயுளைக் கழித்தவர். எதைச் சொன்னாலும் ஒரு கேட்டோ போடாமல் விடமாட்டார்.

"எஞ் ஜீப்பு இங்க நிக்கையில எம் பொண்டாட்டி எதுக்குய்யா வேற ஜீப்புல போறா?" என்றான் பால்பாண்டி.

"காலையில ரெண்டு பேருக்கும் சண்டையாம்ல?"

பால்பாண்டி திரும்பிப் போய் மறுபடி ஹாரனை அடித்தான். சண்டை உண்மைதான் போல. மூக்கையாவின் முகத்தில் துப்பறிந்துவிட்ட திருப்தி.

போனில் கூப்பிடலாம் என்றால் அந்த மலையில் சிக்னல் என்பது விருந்தாளி மாதிரி. தனக்குத் தோன்றும்போது வரும். பெண்கள் இறங்கித் தோட்டத்துக்குள் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "ஏ பேச்சி...!" பனி எல்லாக் குரலையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. மூக்கையா, அன்றைக்குக் காய் எடுத்த பாத்திக்குள் ஆளை அனுப்பினார். அங்கே இல்லை. மறுபடி தூறல் பிடித்தது. அந்தப் பக்கம் காட்டெருமை நடமாட்டம் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தில் அதைத்தான் பார்த்தார்கள்.

பால்பாண்டி ஜீப்பின் முன்விளக்கைப் போட்டு, வண்டியை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுக்குள் அடித்துப் பார்த்தான். வெளிச்சம் பத்தடி போய்ப் பனியில் மோதி அவன் முகத்துக்கே திரும்பி வந்தது.

எறும்புகளுக்கு நடுவே

எனக்கு அந்த மலையில் திசை தெரியாது. தேடப் போனால் என்னையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும். அதனால் ஆபீசில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் லேப்டாப்பை இழுத்தேன். சாயங்காலம் முழுக்க அந்தச் சரிவைச் சுற்றித்தானே படம் எடுத்தோம், எதிலாவது அவள் குறுக்கே நடந்து போயிருக்க மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

பாறை மேல் நின்று எடுத்த படங்கள் வந்தன. சாஃப்ட்வேர் கேட்காமலேயே ரவையைத் துடைத்துக் காட்டியது. பனி, மரம், சரிவு. கண்ணாடி போல இருந்தது. மனித வாடையே இல்லை. ஹரீஷ் கேட்ட அமைதி அப்படியே வந்திருந்தது.

துடைப்பதை நிறுத்தினேன். ரா ஃபைலைத் திறந்து, இருட்டுப் பகுதிகளை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினேன். இப்படிச் செய்கிறவனை யூட்யூப் வாத்தியார் பார்த்தால் சேனலை விட்டே தள்ளிவைத்துவிடுவார். படம் முழுக்க ரவை கொட்டியது. சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக எறும்புப் புற்றை உடைத்துவிட்டது போல இருந்தது. அதற்கு நடுவில், சரிவின் அடிப்பக்கம், இரண்டு வெளுத்த மரங்களுக்கு இடையே ஒரு மஞ்சள் புள்ளி.

மழைக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ள அந்தப் பெண்கள் பிளாஸ்டிக் தாள் வைத்திருப்பார்கள். நீலம், பச்சை, மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறம்.

"தம்பி, இங்க பாருங்க."

ஹரீஷ் குனிந்து பார்த்தார். "நாய்ஸ் பாய் அது. எல்லா இடத்துலயும்தான் கலர் கலரா இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. பக்கத்திலேயே சிவப்பு இருந்தது. ஊதா இருந்தது. இன்னொரு மஞ்சள்கூட மேலே ஓர் ஓரத்தில் இருந்தது. என் ஆசைதான் புள்ளியை ஆளாக்குகிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அடுத்த படத்தைத் திறந்தேன். வரிசையாகச் சுட்டதில் அடுத்தது. ரவை அதிலும் இருந்தது, ஆனால் வேறு வேறு இடங்களில். மேல் ஓரத்து மஞ்சளைக் காணவில்லை. பக்கத்துச் சிவப்பு எங்கோ போய்விட்டது. மரங்களுக்கு நடுவில் இருந்த மஞ்சள் மட்டும் அங்கேயே இருந்தது.

அதற்கடுத்த படம். அங்கேயே இருந்தது. அதற்கடுத்தது. அங்கேயேதான்.

ரவைக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. ஒவ்வொரு படத்திலும் புதிதாக விழும். என் கை ஆடியதில் படம் மொத்தமும் கொஞ்சம் மேலே கீழே போயிருந்தது. மரங்களோடு சேர்ந்து அந்தப் புள்ளியும் போய் வந்தது. மரம் நிஜம் என்றால் அதுவும் நிஜம்.

"பாண்டி!" என்று கத்தினேன்.

டார்ச் தேடி ஆபீசுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். நனைந்து ஒழுகினான். திரையைக் காட்டினேன்.

"என்ன பாய் இது, ஒண்ணுமே வெளங்கலயே."

"இந்த எடத்த மட்டும் பாரு. கண்ண எடுக்காத."

படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினேன். எல்லாம் கொதித்தது, அந்த ஒன்று மட்டும் கிடந்தது. இரண்டாம் சுற்றில் பால்பாண்டி திரையை நோக்கிக் குனிந்தான்.

"அவ மஞ்சக் காயிதம் பாய்" என்றான். "நேத்துத்தான் புதுசா வாங்கிக் குடுத்தேன்."

மூக்கையா எட்டிப் பார்த்தார். "அது ஓடைப் பக்கமாக்கும். அங்க செடியே கெடையாது. அங்க அவளுக்கு என்ன சோலி?"

வாசலில் ராசாத்தி நின்றிருந்தாள். பேச்சியம்மாளோடு சோடி சேர்ந்து காய் எடுப்பவள். அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது மூக்கையாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒதுங்கப் போனா. பாறைக்குப் பின்னாலதான் நாங்க எப்பவும் போவோம். இன்னைக்குப் பாறை மேல இவுக நின்னாக. அதான் தள்ளி அங்கிட்டுப் போனா. ஆம்பளைக கிட்ட இத எப்புடிச் சொல்ல?"

ஹரீஷ் என் லேப்டாப் பையைப் பார்த்தார். நான் ஹரீஷின் செருப்பைப் பார்த்தேன். பக்கத்துக் குடில்களில் வெந்நீர்க் குழாய்களும் சூடான பலகைகளும் அனுபவிக்க ஆளில்லாமல் காத்துக்கொண்டிருந்தன.

பால்பாண்டி அதற்குள் இருட்டில் பாதி தூரம் போயிருந்தான்.

லைட்ட மூஞ்சில அடிக்காத

எல்லோரும் பின்னால் ஓடினோம். ஓடினோம் என்பது கௌரவத்துக்காகச் சொல்வது. நான் பாதி தூரத்தைப் பின்பக்கத்தால்தான் கடந்தேன். மண் வெண்ணெய் போல வழுக்கியது. வெளுத்த மரம் இரண்டையும் டார்ச் பிடித்ததும், பால்பாண்டி நின்று கூப்பிட்டான்.

"பேச்சீ...!"

ஒன்றுமில்லை. மழைச் சத்தம்.

"ஏ ஆத்தா பேச்சீ...!"

கீழே, ஓடைக் கரையின் வேர்களுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது. மெலிசான குரல்தான். ஆனால் அதில் இருந்த எரிச்சல் மெலிசாக இல்லை.

"லைட்ட மூஞ்சில அடிக்காதய்யா!"

பால்பாண்டி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். சிரித்தானா அழுதானா என்று மழையில் தெரியவில்லை. பிறகு சறுக்கிக்கொண்டே அவளிடம் போனான்.

கால் வழுக்கி விழுந்து உருண்டிருக்கிறாள். வேரில் மாட்டி நின்றதால் ஓடைக்குள் போகவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கால் வேறு திசை பார்த்துக்கொண்டிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. உடம்பு குளிரில் நடுங்கியது. இடுப்பில் அந்த மஞ்சள் தாள்.

குடிலிலிருந்து விருந்தினர் கம்பளியை ஹரீஷே எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். விலை சொன்னால் தலை சுற்றும் கம்பளி. அதில் அவளைக் கிடத்தி, நான்கு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கினோம். ஒரு முனையில் ஹரீஷ். அவர் கால் இரண்டு முறை மடங்கியது; முனையை விடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு பேச்சியம்மாள் வலியில் முனகினாள். பின்னால் ராசாத்தியின் மடியில் தலை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரோடு போட்டவனின் பரம்பரையை இழுத்தாள். இடையிடையே ஓட்டுகிறவனின் பரம்பரையையும். அவள் திட்டத் திட்டப் பால்பாண்டியின் தோள் இறங்கி லேசாகிக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் முந்தல் கிராமத்தை நெருங்கும் இடத்தில் அவள் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தாள். வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தான்.

"ஏன்யா நிப்பாட்டுன? வெரசா போ" என்றாள். போனான்.

என் மிகச் சுத்தமான படம்

தேனிப் பெரியாஸ்பத்திரியில் காலுக்குள் தகடு வைத்தார்கள். வலி குறைந்த பிறகு ஒரு நாள் பார்க்கப் போனேன். பிஸ்கட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, அந்தப் படத்தையும் பெரிதாகப் பிரிண்டு போட்டு எடுத்துப் போனேன். ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. போட்டோக்காரனுக்கு வெறும் கையோடு போகத் தெரியாது.

அவள் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். எட்ட வைத்துப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கண்ணே?"

காட்டினேன்.

"இம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் ஆத்தா."

"நீங்க பாறை மேல நின்னு எதையோ அடிச்சிக்கிட்டு இருந்தீக. நான் கத்துனேன். ஒங்களுக்குக் கேக்கல. கேமராவும் கையுமா நீங்க அங்க நிக்கப்போயித்தானே நான் அங்கிட்டுப் போனேன். பொம்பளைக வேல செய்யிற காட்டுல வந்து பனியப் படம் எடுக்குறீகளாக்கும்." சொல்லிவிட்டு ஆரஞ்சை உரித்து எனக்கே பாதி கொடுத்தாள். வாங்கித் தின்றேன். வேறென்ன செய்ய?

மறுபடி படத்தைப் பார்த்தாள். "என்னண்ணே, படம் பூராவும் ஆத்து மணலக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு? ஒங்ககிட்டத்தான் மிசினு இருக்காமே. கொஞ்சம் தொடச்சிக் குடுக்க மாட்டீகளா?"

"தொடச்சா நீயும் சேந்து போயிருவ ஆத்தா."

"அப்ப மணலோடயே இருக்கட்டும்" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். என் தொழில் வாழ்க்கையில் ரவையோடு படத்தை ஏற்றுக்கொண்ட ஒரே ஆள்.

தோட்டத்தில் அதற்கடுத்து நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் யாரும் ஊர்வலம் போகவில்லை. கோஷம் போடவில்லை. பேச்சியம்மாள் விழுந்த மறுநாள் காலை, ஊருக்குள் வேறொருவன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, ராசாத்தி முன்னால் வந்து, "எங்களுக்கும் கதவு போட்ட எடம் ஒண்ணு கட்டுனாத்தான் ஏறுவோம்" என்றாள். அவள் ஏறவில்லை. அவளுக்குப் பின்னால் யாருமே ஏறவில்லை. காய் பழுத்து நிற்கிற நேரம். ஏலக்காய்க்குக் காத்திருக்கத் தெரியாது. மூக்கையா எத்தனையோ கேட்டோ சொல்லிப் பார்த்தார். வெகு சீக்கிரமே தகரக் கொட்டகையில் கழிவறை ஒன்று எழுந்தது. உட்காரும் பலகை சூடாகாது. தகரம் தானாகவே சூடாகும்.

அதைப் படம் எடுக்கவும் ஹரீஷ் என்னையே கூப்பிட்டார். வெப்சைட்டில் 'எங்கள் பணியாளர்கள்' என்ற பகுதிக்காம். இந்த முறை நல்ல வெயில் அடித்தது. கேமராவில் அந்த எண்ணை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து எடுத்தேன். ஒரு புள்ளி ரவை கிடையாது. இத்தனை வருடத்தில் நான் எடுத்த படங்களிலேயே மிகச் சுத்தமான படம் ஒரு கக்கூஸ்தான்.

பொங்கல் கழிந்து சிலமலைப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது, பால்பாண்டி விடாப்பிடியாக வீட்டுக்கு இழுத்துப் போனான். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் என் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வீட்டுக்கு வந்திருந்த அவனுடைய சித்தப்பா ஒருவர் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய், இது எந்த ஊர் ஆற்று மணல் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, இந்தச் செவப்புப் புள்ளிதான் சித்தப்பு எம் பொண்டாட்டி" என்று விரலை வைத்துக் காட்டினான் பால்பாண்டி.

அது சுத்தமான ரவை. பக்கத்தில்கூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அது நானில்லய்யா. மரத்துக்கு நடுவுல பாரு."

விரலை நகர்த்தி ஓர் ஊதாப் புள்ளியின் மேல் வைத்தான். "ஆமா, இதுதான். இதேதான்" என்றான் சித்தப்பாவிடம், கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

பேச்சியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, காலை லேசாக விந்தியபடி வந்தாள். அவன் விரலைப் பிடித்து இழுத்து மஞ்சளின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இங்க" என்றாள்.